கொன்றையேந்தல் திறப்பு விழா

ஒரு விடுகதை போடுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு விரல் அகலம். பூட்டு இல்லை, சாவி இல்லை, முள்ளும் இல்லை. கோழி அதைத் தாண்டிப் போகும், நாய் அடியில் நுழைந்து போகும், காற்று அதை ஆட்டிவிட்டுப் போகும். மனிதர்கள் மட்டும் அதன் முன்னால் வந்ததும் நின்றுவிடுவார்கள். அது என்ன?

கயிறு என்பீர்கள். இல்லை. சுண்ணாம்புக் கோடு என்பீர்கள். அதுவும் இல்லை. கொன்றையேந்தலில் போய்க் கேட்டால் பால்குடி மறக்காத பிள்ளைகூட விடை சொல்லும். அது ரிப்பன். சிவப்பு நிறத்தில், பளபளப்பாக, திறப்பு விழாவுக்கு வாசலில் கட்டுவார்களே, அந்த ரிப்பன்.

கொன்றையேந்தல் கரிமூட்டம் போடுகிற ஊர். மழை மறந்துபோன கண்மாய்க்குள்ளும் அதன் கரையிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்க, ஆண்களும் பெண்களும் விடிந்ததும் அரிவாளும் கோடாலியுமாகப் போய் அதை வெட்டிச் சாய்த்து, அடுக்கி, மண் பூசி மூடி, புகையவிட்டு, கரியாக்கி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். வெட்டுவதுதான் அவர்கள் பிழைப்பு. அரிவாள் இல்லாத வீடு அந்த ஊரில் கிடையாது. மூட்டத்துக்கு மரம் உண்டு, மரத்துக்கு முள் உண்டு, முள்ளுக்குக் கால் உண்டு, ஆனால் காலில் முள் ஏறினாலோ வயிற்றில் பிள்ளை நிறைந்தாலோ போவதற்கு அங்கே ஆஸ்பத்திரி இல்லை. டவுனுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது, அது எப்போதும் மூடியிருக்கும்.

முதல் தேர்தலின்போது செவந்தியப்பன் அந்த ஊருக்கு வந்தார். அதை யாரும் மறுக்கவில்லை. கரி படிந்த ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இனிமேல் இந்த ஊர்ப் பிள்ளை இந்த ஊரிலேயே பிறக்கும்" என்று சொன்னார். கை வலிக்கத் தட்டினார்கள். ஜெயித்து சட்டமன்ற உறுப்பினர் ஆனார். ஆரம்ப சுகாதார நிலையமும் வந்தது. நல்ல கட்டடம், நாலு பக்கமும் ஜன்னல், வழுக்காத தரை. அதில் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அதைக் கட்டியவர் வேறொருவர். வாசலுக்குப் பக்கத்தில் பளிங்குக்கல் பதித்து அதில் செவந்தியப்பன் பெயரைப் பெரிதாக வெட்டி, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். வாசலின் இரண்டு தூண்களுக்கும் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். கதவைப் பூட்டவில்லை. நாளைக்குத் திறக்கப்போகிற கதவை யாராவது பூட்டுவார்களா?

விழா நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சாலையின் இருபுறமும் நிறுத்தி, கைக்கு ஒரு ரோஜா கொடுத்து, வெயிலில் நிற்க வைத்தார்கள். மைக்கில் ஒருவர், "சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ரோஜா வாடியது, பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், விழுந்தவர்களை நிழலில் கிடத்திவிட்டு அந்த இடத்தில் வேறு பிள்ளைகளை நிறுத்தினார்கள். பொழுது சாயும் நேரத்தில், அவசர வேலை, இன்னொரு நாள் வருவார் என்று தகவல் வந்தது. பந்தல்காரர் பந்தலைப் பிரித்தார். ரிப்பனை மட்டும் விட்டுவிட்டார்கள், இன்னொரு நாள் வரப்போகிறாரே.

மறுநாள் காலையில் ரிப்பன் ஒரு முழம் வளர்ந்திருந்தது.

முதலில் பார்த்தவர் ஜெசிந்தா, ஊருக்கு வந்துபோகிற செவிலியர். தொய்ந்து கிடந்த ரிப்பனைத் தூணில் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, உள்ளே போக முடியாததால் வெளியே நின்ற வாகை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எடை பார்க்கிற தராசைக் கிளையில் தொங்கவிட்டு, குழந்தைகளை நிறுத்துப் பார்த்தார். அதற்கு மறுநாளும் வளர்ந்தது. செவந்தியப்பன் வராத ஒவ்வொரு நாளும் அது சுரைக்கொடியைப் போல வளர்ந்து, தூணைச் சுற்றி, ஜன்னல்களைச் சுற்றி, கட்டடத்தைச் சுற்றி, போதாமல் வெளியே வந்து ரேஷன் கடையைச் சுற்றி, பள்ளிக்கூடத்தின் கொடிக்கம்பத்தில் ஏறி இறங்கி, பஸ் நிற்கிற இடத்தைக் குறுக்கே கடந்து, கண்மாய்க் கரையேறி, அந்தப் பக்கத்துத் தெருவுக்குள்ளும் போயிற்று.

ஊர் கூடிப் பேசியது. ஏன் வளர்கிறது என்று யாரும் பேசவில்லை. வளர்கிற பொருளை வைத்துக்கொண்டு எப்படி நடமாடுவது என்பதுதான் பேச்சு. தாண்டலாமா, குனிந்து போகலாமா? தாண்டினால் மரியாதை இல்லை, குனிந்தே போவோம் என்று முடிவாயிற்று. ஆட்டு வியாபாரி கோட்டைச்சாமி மட்டும் எழுந்து, "ஏம்ப்பா, காடு காடா வெட்டுறோம். இந்தத் துணிய ஒரு இழுப்பு இழுத்தா என்ன?" என்று கேட்டார்.

"இழுத்தா திறந்ததா ஆயிரும்லப்பா," என்றார் ஊர்த் தலைவர். "யார்றா திறந்ததுன்னு கேப்பாக. கல்லுல உம் பேரா வெட்டியிருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். கோட்டைச்சாமியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை.

பழகிக்கொண்டார்கள். எதற்குத்தான் பழகவில்லை? தாழ்வாகத் தொங்கிய இடங்களில் பெண்கள் துணி உலர்த்தினார்கள். உயரமாக ஓடிய இடங்களில் புடலைக்கொடியைப் படரவிட்டார்கள். கல்யாண ஊர்வலம் வந்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் ரிப்பனுக்கு அடியில் குனிந்து போக வேண்டியிருந்தது, சில வருடத்தில் அதுவே சடங்காகி, குனியாத பெண்ணுக்குப் பிள்ளை தங்காது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பிள்ளை வரம் வேண்டிச் சின்னத் தொட்டில் செய்து அதில் கட்டினார்கள், பிரசவம் பார்க்க வேண்டிய கட்டடத்தின் வாசலிலேயே கட்டினார்கள், கட்டிவிட்டுக் கும்பிட்டார்கள். குனிந்து குனிந்து ஊரே முதுகு வளைந்துபோயிற்று. ரிப்பன் இல்லாத வெட்டவெளியிலும் தலையைத் தாழ்த்தியே நடந்தார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, எவ்வளவு பணிவான ஜனங்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்கிற ஆசிரியர் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

இத்தனைக்கும் செவந்தியப்பன் கெட்டவர் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர் யாரையும் அடித்ததில்லை, யாருடைய நிலத்தையும் வளைத்ததில்லை, ஒருவரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அவர் எதையுமே செய்ததில்லை. சட்டமன்றத்தில் அவர் கேள்வி கேட்டதில்லை. ஒரே ஒரு முறை எழுந்து நின்றார், சபாநாயகர் மகிழ்ந்துபோய் "உறுப்பினர் பேசலாம்" என்றார், அப்போதுதான் வேட்டி நாற்காலியில் மாட்டிக்கொண்டது தெரிந்தது. அதை விடுவித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சும்மா இருப்பதற்குச் செலவாகாது என்று நினைக்கிறீர்கள். அவர் சும்மா இருந்ததற்கு ஆன செலவைப் போல ஒரு வேலைக்கும் ஆனதில்லை. வருடத்துக்குப் பலமுறை தேதி கொடுத்தார். தேதி கொடுத்தால் பந்தல் வேண்டும், அலங்கார வளைவு வேண்டும், கட்-அவுட் வேண்டும், வாழை மரம், சீரியல் செட், பிரியாணி, பொன்னாடை எல்லாம் வேண்டும். அதெல்லாம் யார் பணத்தில்? சுகாதார நிலையத் திறப்பு விழாவுக்குச் சுகாதார நிலையத்தின் பணம்தானே சரி என்றார்கள். முதல் பந்தலில் கட்டில்கள் போயின. அடுத்த பந்தலில் மெத்தைகள் போயின. தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டி பிரியாணியாயிற்று, பிரசவ மேஜை வாணவேடிக்கையாக வெடித்து மேலே போயிற்று, மின்சார இணைப்புக்கு ஒதுக்கியிருந்தது சீரியல் செட்டாக ஒரு சாயங்காலம் முழுக்க மினுக்கிவிட்டு அணைந்தது. காரில் கிளம்பியதற்குப் படி உண்டு, வழியில் தங்கியதற்குப் படி உண்டு, பாதியில் திரும்பியதற்கும் உண்டு. வந்து சேர்ந்ததற்கு மட்டும் படி கிடையாது. அதனால்தான் அவர் வந்து சேரவே இல்லை என்று கோட்டைச்சாமி சொல்லுவார். ஊரில் அவருக்கு 'வந்துகிட்டிருக்காரு' என்று பெயர் வைத்தார்கள். "வந்துகிட்டிருக்காரு படம் பேப்பர்ல வந்திருக்குப்பா" என்பார்கள்.

பேப்பரில் வந்ததும் உண்மைதான். வாயைத் திறக்காதவர்களில் முதலிடம், பயணப்படி வாங்கியவர்களிலும் முதலிடம் என்று எழுதினார்கள். நிருபர்கள் அவரைத் தேடிப் போய், தொகுதியில் எந்த வளர்ச்சியும் இல்லையே என்று கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "யார் சொன்னது? கொன்றையேந்தலில் போய்ப் பாருங்கள், தினமும் வளர்கிறது" என்றார். அதையும் அச்சடித்தார்கள்.

இரண்டாவது தேர்தல் வந்தது. அந்த ஊர் அவருக்கே ஓட்டுப் போட்டது. ஏமாந்து போடவில்லை, யோசித்துத்தான் போட்டார்கள், அதுதான் வயிறு எரிகிற விஷயம். "வேற ஆளு ஜெயிச்சு வந்தான்னு வையி, இந்தக் கல்லைப் பேத்து எடுக்கணும், புதுக் கல்லு பதிக்கணும், புது ரிப்பன் கட்டணும். அது எம்புட்டு வருசம் வளரணுமோ! இவருன்னா வந்து கத்தரிக்க வேண்டியதுதான பாக்கி?" என்று டீக்கடையில் கணக்குப் போட்டார்கள். கணக்கு அவர்களுக்குச் சரியாக இருந்தது.

ரிப்பனுக்கு ஒரு காவலாளி போட்டார்கள். மருந்து வாங்குவதற்கான பணத்தில் அவனுக்குச் சம்பளம். அவன் பெயர் காட்டுராஜா. பெயர்தான் ராஜா, வேலை தற்காலிகம். திறப்பு விழா முடிந்ததும் நிரந்தரம் ஆக்கிவிடுகிறோம் என்று ஒவ்வொரு தேதிக்கும் சொன்னார்கள். அவன் பகலெல்லாம் ரிப்பனோடு நடந்து, புழுதி தட்டி, ஆடு கடிக்காமல் பார்த்து, பொழுது போனதும் வீட்டுக்கு வந்து குனிந்தபடியே சாப்பிடுவான். அவன் மனைவி பஞ்சவர்ணம் கரிமூட்டத்துக்குப் போவாள். மகள் பாண்டிச்செல்விக்குப் பத்து வயது.

நாலு வருடத்துக்கு முன்னால் பஞ்சவர்ணத்துக்கு வலி வந்தபோது ஷேர் ஆட்டோவில் ஏற்றி டவுனுக்குக் கிளம்பினார்கள். சுகாதார நிலையத்து வாசலைக் கடந்துதான் ஆட்டோ போயிற்று. கதவு வெறுமனே சாத்தியிருந்தது, குறுக்கே ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது, காட்டுராஜா ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில் போகும்வரை பஞ்சவர்ணம் பல்லைக் கடித்தாள், ரயில் போய் முடிந்தபோது ஆட்டோவுக்குள்ளேயே ஆண் குழந்தை பிறந்தது, அது அழவே இல்லை. செல்வி அப்போது அம்மாவின் கால்மாட்டில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது அதே வாசல் வழியாக வந்தார்கள். காட்டுராஜா இறங்கி, ரிப்பன் ஓரிடத்தில் முறுக்கியிருந்ததை நேராக்கிவிட்டு மறுபடியும் ஏறிக்கொண்டான். பழக்கம். அதைப் பஞ்சவர்ணம் பார்த்தாள். அப்புறம் ரொம்ப நாளைக்கு அவனோடு பேசவில்லை.

இப்போது அவள் மறுபடியும் நிறைமாதம். மூன்றாவது தேர்தலும் நெருங்கிவிட்டது. செவந்தியப்பன் தேதி கொடுத்தார், இந்த முறை நிஜமாகவே வருகிறார் என்றார்கள். கட்சி மேலிடத்தில் வேட்பாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிடப் போவதாகப் பேச்சு, அதனால் ஒரு திறப்பு விழாவாவது கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. ஒன்றியச் செயலாளர் நாகநாதன் முதல் நாளே வந்து இறங்கினார். ரிப்பனைத் துவைத்து இஸ்திரி போடச் சொன்னார். வாசலின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம் கட்டச் சொன்னார். கத்தரிக்கோலை மட்டும் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

விழாவன்று காலையில் பஞ்சவர்ணத்துக்கு வலி பிடித்தது.

ஜெசிந்தா ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே ரிப்பன். டிரைவர் ஹாரன் அடித்தார். அங்கே நின்ற போலீஸ்காரர், "குனிஞ்சு வாப்பா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, பிறகு வண்டி குனியாது என்பது நினைவுக்கு வந்து, "அய்யா கார் வர்ற நேரம், வழிய மறிக்காத, திருப்பு" என்றார். அது திரும்பிப் போயிற்று.

பஞ்சவர்ணத்தைக் கட்டிலோடு தூக்கி வரவும் முடியவில்லை, தெருவெல்லாம் ரிப்பன், தெருவெல்லாம் கூட்டம். ஜெசிந்தா ஒரு தோளிலும் செல்வி ஒரு தோளிலுமாகத் தாங்கி, நிற்பதும் நடப்பதுமாக வாகை மரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். ஜெசிந்தா மரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ஒரு முறை அவர் அந்த ரிப்பனுக்கு அடியில் குனிந்து போய்த் தடுப்பூசிப் பெட்டியை உள்ளே நிழலில் வைத்ததற்கு, திறக்காத கட்டடத்தில் நுழைந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு மேலே இருந்து மெமோ வந்திருந்தது.

"உள்ள போவோம்கா," என்றார்.

காட்டுராஜா ஓடிவந்து குறுக்கே நின்றான். புதுச் சட்டை போட்டிருந்தான். "ஜெசிந்தாம்மா, வேண்டாம்மா. பத்து நிமிசம். அவரு கத்தரிச்ச உடனே மொத ஆளா நானே தூக்கிட்டுப் போறேன்."

"உங்க பத்து நிமிசத்துக்கு ஒம்பது வயசாச்சுண்ணே. நகருங்க."

"வேலை போயிரும்மா."

"பிள்ளை ஒண்ணு போயிருச்சே, அது பத்தலையா?"

அவன் நகரவில்லை. நாகநாதன் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "என்னம்மா இது, நல்ல காரியம் நடக்கிற எடத்துல? தலைவர் கார் விலக்கு ரோட்டுக்கு வந்துருச்சு. கொஞ்சம் அடக்கிக்கம்மா."

"நீ ஒண்ணப் பெத்துட்டு அடக்கிப் பாருடா," என்றாள் பஞ்சவர்ணம்.

பந்தலுக்குள் கயிறு கட்டி நிறுத்தியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒரே மாதிரிப் புடவை கட்டி, ஆரத்தித் தட்டு ஏந்தி, பிள்ளை பெற்றவர்களும் பெறப்போகிறவர்களுமாக அத்தனை பேர் நின்றார்கள். அதில் ஒருத்தியாவது கயிற்றைத் தூக்கிவிட்டு வந்திருக்கலாம். தட்டைக் கீழே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை, பக்கத்தில் நிற்பவள் முதலில் வைக்கட்டும் என்று ஒவ்வொருத்தியும் நின்றாள்.

அப்போது அடுத்த வலி வந்தது. பஞ்சவர்ணத்துக்கு முழங்கால் மடங்கியது. எதையாவது பிடிக்கத் தேடிய கைக்கு எதிரில் இருந்தது ரிப்பன்தான். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி இழுத்தாள். இத்தனை வருடம் வெயிலில் நைந்த துணி, இழுத்ததும் கிழிந்தது. எந்தத் துணியும் அப்படித்தான் கிழியும்.

காலையிலிருந்து அவள் கத்திக்கொண்டிருந்தாள், ஒரு தலையும் திரும்பவில்லை. ரிப்பன் கிழிந்த சத்தத்துக்கு ஊரே திரும்பியது. மைக்கில் பேசியவர் பேச்சை நிறுத்தினார். யாரோ ஒரு கிழவர், "அடப் பாவிகளா, இம்புட்டுதானா" என்றார். ஜெசிந்தா யாரையும் பார்க்காமல் பஞ்சவர்ணத்தை அணைத்துப் பிடித்து, காலால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"கட்டுங்கடா!" என்று நாகநாதன் கத்தினார். இரண்டு பேர் ஓடிவந்து கிழிந்த முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். நாகநாதன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "முடிச்சு போட்டோவுல தெரியும்டா. மேலிடத்துக்கு அனுப்புற படம். அவுருங்க. தூண்லயும் அவுத்துத் தளர்த்தி, ரெண்டு பக்கமும் ஆளு நின்னு இழுத்துப் பிடிங்க. மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சு நின்னுக்கங்க. நடுவுல முனைய ஒண்ணுமேல ஒண்ணு வச்சுக் குண்டூசி குத்தி நான் பாத்துக்கிறேன்."

ஒரு பக்கத்து வாழை மரத்துக்குப் பின்னால் காட்டுராஜா போய் நின்றான். மறுபக்கம் மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெரிய ஆள் நுழைய இடம் இல்லை. நாகநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசற்படியில் செல்வி நின்றாள். அம்மா உள்ளே போன கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, யார் மகடா நீ?"

"எம் மகதாண்ணே," என்றான் காட்டுராஜா.

"அப்புறம் என்ன! இங்க வா தங்கம். இதைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சந்துக்குள்ள நில்லு. அசையக் கூடாது. மூணே நிமிசம். அய்யா போனதும் உங்கப்பனுக்கு ஆர்டர் வாங்கித் தர்றது எம் பொறுப்பு. பெர்மனென்ட்."

ரிப்பனின் முனையை அவள் கையில் திணித்து, தோளைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டார். அங்கே அவளுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்தது. ஜன்னலைச் சுற்றிச் சுற்றி ரிப்பன் ஓடி அடைத்திருந்ததால் உள்ளே பகலிலும் இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் மூச்சு கேட்டது.

ஊர் எல்லையில் ரிப்பனைக் கம்பால் தூக்கிப் பிடித்து வழிவிட, கார் வந்து நின்றது. பின்னால் பல கார்கள் நின்றன. வெடி போட்டார்கள். செவந்தியப்பன் இறங்கினார். நாலு பேர் கை கொடுத்து இறக்க வேண்டியிருந்தது, உட்கார்ந்தே இருந்தவருக்குக் கால் உடனே நிற்கவில்லை. கட்-அவுட்டில் இருந்ததைவிடச் சின்னவராக இருந்தார். ஊர் முழுவதும் குனிந்து நின்றது. "எவ்வளவு மரியாதை பாருங்கள்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தார். உள்ளே பஞ்சவர்ணம் கத்தினாள்.

"உள்ள என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"மைக் செட்டுங்க தலைவரே," என்றார் நாகநாதன்.

"நல்லாக் கேக்குதே."

கத்தரிக்கோலை வெள்ளித் தட்டில் வைத்து நீட்டினார்கள். போட்டோ எடுப்பவர், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், முகத்தைத் தூக்குங்க, சிரிங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். செவந்தியப்பனுக்கு இடப்பக்க முகம்தான் படத்துக்கு நன்றாக இருக்குமாம், இடம் மாறி நின்றார்கள்.

உள்ளேயிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. "யாராவது வாங்க! தலை வந்துருச்சு, தொப்புள்கொடி கழுத்தச் சுத்தியிருக்கு, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. லைட்டு இல்ல. டார்ச்சப் பிடிக்க ஒரு ஆளு வாங்க! எனக்கு ரெண்டு கைதான இருக்கு!"

பந்தலில் எல்லோருக்கும் அது கேட்டது. மேளக்காரர்களைப் பார்த்து நாகநாதன் கையைக் காட்ட, மேளம் முழங்கியது.

"யாராவது வாங்களேன்!"

எதிர்ப்பக்க வாழை மரத்துக்குப் பின்னாலிருந்து காட்டுராஜா மகளைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் ரிப்பனைப் பிடித்திருந்ததால் துடைக்கவில்லை. "செல்வி," என்றான், மேளத்தில் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "விட்டுறாத தாயி. மூணு நிமிசம். அப்பாவுக்காக."

செவந்தியப்பன் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டார். விரல்களை அதன் வளையத்துக்குள் நுழைக்கத் தெரியாமல் நின்றார், நாகநாதன் நுழைத்துவிட்டார்.

செல்வி ரிப்பனின் முனையைத் தரையில் வைத்தாள். வாழை மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, சட்டமன்ற உறுப்பினருக்கு முன்னால் நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் டார்ச்சைப் பிடித்தாள்.